பிலிப்பினோ வீட்டுல வாக்கப்பட்டவ கிட்ட எல்லாரும் கேக்குற கேள்விங்க

நான் திருச்சி. வீட்டுக்காரர் பிலிப்பினோ, சிங்கப்பூர்ல ஒரே ஆபீஸ்ல வேலை பாத்தப்ப பழக்கம். இப்ப ஒம்பது வருஷமா மெட்ரோ மணிலாவுல கேசோன் சிட்டில மாமனார் மாமியாரோட ஒரே வீட்டுல இருக்கோம். ஊருக்கு போன் போட்டா சித்தி ஒரு கேள்வி, பெரியம்மா பொண்ணு அதே கேள்வி, இங்க டாக்டருக்குப் படிக்க பிள்ளைய அனுப்புறவங்க யாராச்சும் நம்பர் வாங்கிப் பேசுனா அவங்களும் அதே கேள்வி. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி வச்சுட்டேன்.

முதல்ல வீட்டு ஆளுங்க யாருன்னு தெரிஞ்சுக்கங்க, அப்ப தான் மத்தது புரியும். லோலான்னா பாட்டி, மாமியாரோட அம்மா, 84 வயசு. நானாய்னா அம்மா, அதாவது மாமியார். தாதாய் மாமனார். ஆத்தேன்னா அக்கா, என் நாத்தனார். கூயான்னா அண்ணன், அவரு கப்பல்ல வேலை, வருஷத்துல ஒம்பது மாசம் கடல்ல தான், அவரோட சம்சாரமும் ரெண்டு பிள்ளைங்களும் எங்க கூட. அப்புறம் நாங்க மூணு பேரு. கூயாவ விட்டுட்டு எண்ணுனா பத்து.

லீவு நாள்ல எங்க தான் போவீங்க? மணிலால பாக்க அப்படி என்ன இருக்கு?

பாக்க நெறைய இருக்கு. லுனேட்டான்னு சொல்ற ரிசால் பார்க், இவங்களோட தேசிய வீரர் ஹோசே ரிசால 1896 டிசம்பர் 30 அன்னைக்கு ஸ்பானிஷ்காரங்க சுட்டுக் கொன்ன எடம். பக்கத்துலயே இன்ட்ராமுரோஸ்னு கோட்டைச் சுவருக்குள்ள பழைய ஊரு, அதுக்குள்ள 1607ல கட்டி முடிச்ச சான் அகஸ்டின் சர்ச்சு, கொஞ்சம் தள்ளி 1594ல இருந்து இருக்கிற பினோண்டோ சைனா டவுன். ஆனா இதெல்லாம் வெளியூர்ல இருந்து ஆளு வந்தா காட்டுற எடம். திருச்சில பொறந்து வளந்த நான் எத்தன தடவ மலைக்கோட்டை ஏறியிருக்கேன்னு கேட்டா வெரல் விட்டு எண்ணிரலாம், அந்தக் கதை தான் இங்கயும்.

எங்க வீட்டு ஞாயித்துக்கெழமன்னா மூணு தான். ஒண்ணு மாலு. ரெண்டாவது கேசோன் மெமோரியல் சர்க்கிள், நடுவுல 66 மீட்டர் ஒசரத்துல நினைவுத் தூண், சுத்தி மரம், வாடகை சைக்கிள், தாதாய் செடி வாங்குற நர்சரிக் கடைங்க. மூணாவது யூபி டிலிமான் காலேஜ் வளாகம், அங்க ரெண்டு கிலோமீட்டர் சொச்சத்துக்கு வட்டமா மரத்தடி ரோடு, ஞாயித்துக்கெழம கார் விடமாட்டாங்க, பிள்ளைங்க ஓடலாம், ஓரத்துல குச்சில சொருகுன மீன் உருண்டையும் கோழிக்குடலும் சுட்டு விப்பாங்க. நான் மீன் உருண்டை வரைக்கும் வந்துட்டேன், குடலுக்கு இன்னும் மனசு வரல.

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ தூரமா. தகாய்தாய் போனா 60 கிலோமீட்டர், மேல குளுகுளுன்னு இருக்கும், கீழ ஏரி, ஏரிக்கு நடுவுல தால் எரிமலை. 2020 ஜனவரி 12 அது வெடிச்சப்ப சாம்பல் எங்க வீட்டு மாடி வரைக்கும் வந்து விழுந்துச்சு, கோலமாவு கொட்டுன மாதிரி. இல்லன்னா கலம்பா பக்கம் பான்சோல், மக்கிலிங் மலையோட சூட்டுல கொதிச்சு வர்ற வெந்நீர் ஊத்து, அதுல தொட்டி கட்டி வீட்டோட வாடகைக்கு விடுவாங்க. அங்க போறதுன்னா ரைஸ் குக்கர், அரிசி மூட்டை, மேரினேட் பண்ணுன கோழி, ஃபேன் உட்பட வண்டில ஏறும். முதல் தடவ பாத்தப்ப வீடு காலி பண்றோமோன்னு நெனச்சேன்.

பத்து பேரும் வருவாங்களா? ஒவ்வொரு தடவயுமா?

ஆமா. பக்கத்து வீட்டுப் பையன் கேட்டுல நின்னுட்டு இருந்தா அவனும். வீட்டுக்கு ஒரு ஆள காவல் வைக்கலாமேன்னு ஒரு தடவ சொன்னேன், நானாய் என்னமோ யாரையோ தத்து குடுக்கச் சொன்ன மாதிரி பாத்தாங்க. எங்க போறோம்ங்கிறது வேன்ல ஏறுனப்புறம் கூட மாறும், யாரு வர்றாங்கங்கிறது மட்டும் முந்தின நாளே முடிவாயிரும். ஒரு ஆளு வேலைன்னு சொன்னா அன்னைக்குப் போறதே தள்ளிப் போகும். இத மனசுல வச்சுக்கங்க, கீழ வர்ற பாதி கேள்விக்கு இது தான் பதில்.

எப்ப பாத்தாலும் மால்லயே இருக்கீங்களே, அவ்ளோ காசா?

காசு இல்லாததுனால தான் மாலு. வீட்டுல ஏசி ஒரே ரூம்ல, அதுவும் ராத்திரி மட்டும், இங்க கரண்ட் பில்லு நெஞ்ச அடைக்கும். ஏப்ரல் மே வெயில்ல பத்து பேரு ஆறு மணி நேரம் சில்லுனு இருக்கணும்னா மால விட சல்லிசான எடம் இல்ல, உள்ள போக டிக்கெட்டா இருக்கு. வாசல்ல செக்யூரிட்டி ஒரு குச்சிய வச்சு ஹேண்ட்பேக்க லேசா கிளறிட்டு விட்ருவாரு, அவ்ளோ தான்.

அப்புறம் இங்க மாலுன்னா கடை மட்டும் கிடையாது. பாஸ்போர்ட் ஆபீஸ், கரண்ட் பில் கட்டுறது, பல் டாக்டர், எல்லாம் உள்ள. ஞாயித்துக்கெழம மால் நடுவுலயே சேர் போட்டு பூசை நடக்கும், லோலா பூசைல உக்காந்துருப்பாங்க, பிள்ளைங்க மேல ஃபுட் கோர்ட்ல, தாதாய் ஹார்ட்வேர் கடைல ஒரு பொருளும் வாங்காம ஒண்ணரை மணி நேரம். எங்களுக்குக் கிட்ட இருக்கிறது எஸ்எம் நார்த் எட்சா, 1985ல தொறந்தது. நானாய் வேலைக்குப் போய் முதல் சம்பளத்துல செருப்பு வாங்குனது அங்க தானாம், ஒவ்வொரு தடவயும் அந்தக் கதைய சொல்லிட்டு தான் எஸ்கலேட்டர் ஏறுவாங்க. எனக்கு இப்ப அந்தச் செருப்போட கலர் வரைக்கும் தெரியும்.

கடல் பாக்கணும்னா பாசாய் பக்கம் மால் ஆஃப் ஏசியா, அது 2006ல வந்தது, பின்னாடி மணிலா பே, சாயங்காலம் சூரியன் எறங்குறது அவ்ளோ அழகா இருக்கும். ஆனா அங்க போய்ச் சேர்றது ஒரு தனி யாத்திரை.

எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?

ஒம்பது மணின்னா பதினொன்னரை. "வழில இருக்கேன்"னு மெசேஜ் வந்தா ஆளு குளிச்சுட்டு இருக்காங்கன்னு அர்த்தம். நான் ஆரம்பத்துல எட்டே முக்காலுக்கெல்லாம் சேலை கட்டி, பையனுக்கு ஷூ மாட்டி சோஃபால உக்காந்துருப்பேன், நானாய் என்னைப் பாத்து "ஐயோ பாவம், இவளுக்குப் பசிக்குது போல"ன்னு தட்டுல சோறு போட்டாங்க.

பஸ்ஸு ரயிலெல்லாம் எப்படி? அந்தக் கலர் கலரா நீளமா ஜீப் மாதிரி ஓடுதே, அதுல போவீங்களா?

அது ஜீப்னி. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு அமெரிக்கக்காரங்க விட்டுட்டுப் போன ராணுவ ஜீப்ப நீட்டி, சீட்டு போட்டு, பெயின்ட் அடிச்சு ஆரம்பிச்சது. கண்டக்டர் இல்ல. ரெண்டு பக்கமும் எதிரெதிரா உக்காரணும், "பாயாட் போ"ன்னு சொல்லிக் காச நீட்டுனா பக்கத்துல இருக்கிறவர் வாங்கி அடுத்தவர் கிட்ட குடுத்து அப்படியே கை மாறி டிரைவர் கிட்ட போகும், மீதிச் சில்லறை அதே கை வழியா திரும்பி வரும். ஒம்பது வருஷத்துல ஒரு பெசோ கூட வழில காணாமப் போனதில்ல. எறங்கணும்னா "பாரா போ". 2023 அக்டோபர்ல குறைஞ்ச சார்ஜு 13 பெசோ ஆச்சு. காலைல ஆயிரம் பெசோ நோட்ட நீட்டுனா டிரைவர் பாக்குற பார்வை நம்ம ஊரு டவுன் பஸ் கண்டக்டர் பாக்குறதே தான், அதுனால சில்லறை வச்சுக்கங்க.

வீட்டோட போறப்ப வேன். வேனுக்கு ஒரு கணக்கு இருக்கு, நம்பர் கோடிங்னு. நம்பர் பிளேட் கடைசி எண்ணு 1, 2ன்னா திங்கக்கெழம எடுக்கக் கூடாது, 3, 4 செவ்வாய், இப்படியே போய் 9, 0 வெள்ளி. காலைல 7ல இருந்து 10, சாயங்காலம் 5ல இருந்து 8. எங்க வண்டி 9ல முடியுது, அதுனால வெள்ளிக்கெழம வெளியூர் கெளம்புறதுன்னா பத்து மணிக்கு மேல. மேல சொன்ன டைம் கணக்குக்கு அது எப்படியும் தானா சரியாயிரும்.

எட்சா ரோட்டு டிராஃபிக் பத்தி தனியா எழுதல, எழுதுனா வயித்தெரிச்சல். அதே ரோட்டு மேல ஓடுற எம்ஆர்டி ரயிலும் தனி லேன்ல போற கரோசெல் பஸ்ஸும் தான் படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது.

மாமியார பேர் சொல்லிக் கூப்பிடுவியாமே?

யாரு கெளப்பி விட்டா இத. நம்மள விட மோசம் இவங்க. மூத்தவங்கள பேர் சொல்றதே கெடையாது, அக்கம் பக்கத்துல எல்லாரும் தீத்தா, தீத்தோ தான், நம்ம அத்தை மாமா மாதிரி. கடைக்காரப் பொண்ணு ஆத்தே, டாக்ஸி டிரைவர் கூயா. "ஆத்தே"ன்னு முதல் தடவ கேட்டப்ப யாரோ "ஆத்தா"ன்னு கூப்புடுறாங்கன்னு திரும்பிப் பாத்தேன்.

வாக்கியத்துல அங்கங்க "போ"ன்னு சேப்பாங்க, அது மரியாதைக்கு. நம்ம "வாங்க, சொல்லுங்க"ல வர்ற அந்த "ங்க" தான் இது. பெரியவங்களுக்குப் "போ" போடாம பேசுனா பிள்ளைங்களுக்குத் திட்டு விழும். என் அம்மா வந்தப்ப என் பையன் "போ, போ"ன்னு பேசவும் பாட்டிய வெளிய போகச் சொல்றான்னு அவங்களுக்கு முகமே வாடிப் போச்சு.

காலுல விழுறதுக்குப் பதிலா இங்க "மானோ". பெரியவங்க கைய எடுத்து நம்ம நெத்தில வைக்கணும். வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே லோலாவுக்கு, அப்புறம் வரிசையா.

வெளிய கெளம்பறப்ப "எங்க போற"ன்னு எல்லாரும் கேப்பாங்களாமே, சகுனம் பாக்க மாட்டாங்களா?

இது என்னைப் படுத்துன விஷயம். நம்ம வீட்டுல கெளம்பறப்ப யாராச்சும் எங்கன்னு கேட்டுட்டா திரும்பி வந்து தண்ணி குடிச்சுட்டு தான் போவோம். இங்க அது வணக்கம் மாதிரி. தெரு முக்குல கடைக்கார தீத்தா, கேட்ல செக்யூரிட்டி, எல்லாரும் "எங்க போற?" பதில் யாருக்கும் வேண்டாம். "அங்க தான்"னு சொல்லி ஒதட்ட அந்தப் பக்கம் குவிச்சுக் காட்டுனா போதும். ஆமா, வெரலால காட்டமாட்டாங்க, ஒதட்டால. தலைய ஆட்டுறதுக்குப் பதிலா புருவத்த தூக்குனா சரின்னு அர்த்தம். இது தெரியாம முதல் வருஷம் பூரா எனக்கு யாரும் பதிலே சொல்லலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

சாப்பாடு? நீ பன்னியெல்லாம் சாப்புடுறியா?

இல்ல. கோழி, மீன், முட்டை சாப்புடுவேன், பன்னி மாடு கெடையாது. முதல் ஆறு மாசம் இத ஒரு வியாதின்னு நெனச்சாங்க. இப்ப நானாய் எனக்குன்னு தனியா கோழில அதோபோ பண்ணிருவாங்க, அது வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு போட்டு சுண்ட வைக்கிறது, மறுநாள் தான் ருசி ஏறும், நம்ம மீன் கொழம்பு மாதிரியே.

மூணு வேளையும் சோறு. சோறு இல்லாம என்ன சாப்ட்டாலும் அது மெரியெண்டா, அதாவது இடைப்பலகாரம். புளித்தண்ணில கொதிக்க வைக்கிற சினிகாங் எனக்கு உசுரு, ரசம் குடிச்சு வளந்த நாக்குக்கு வேற என்ன வேணும். முருங்கைக் கீரைய மலுங்காய்ங்கிறாங்க, மாங்காய மங்காங்கிறாங்க, மங்கா நம்ம தமிழ் சொல்லு மலாய் வழியா வந்தது. கைல சாப்புடுறது கமாயான், நான் சாப்புடுறத பாத்து லோலாவுக்கு ஏக சந்தோஷம், அவங்க சின்ன வயசுல அப்படித் தானாம். மத்தபடி ஸ்பூனும் ஃபோர்க்கும், கத்தி கெடையாது. பாத்ரூம்ல மக்கு உண்டு, தாபோன்னு பேரு. அம்மா வந்தப்ப இந்த நாட்ட அவங்க மன்னிச்சது அந்த மக்க பாத்தப்புறம் தான்.

சுத்த சைவம் வந்தா என்ன பண்றது?

கஷ்டம், மறைக்கல. "காய் மட்டும் தான்"னு சொல்லிக் குடுக்குற பினாக்பெத்ல எறால் விழுது இருக்கும், அவங்களுக்கு அது உப்பு மாதிரி, கறி கணக்குல வராது. வெள்ளிக்கெழம பாசிப்பயறு வேக வைக்கிறது இங்க பழக்கம், அம்மா ஆசையா தட்ட நீட்டுனாங்க, நடுவுல கருவாடு மெதந்துச்சு. அதுனால "கறி வேண்டாம்"னு மட்டும் சொல்லாதீங்க, மீன் வேண்டாம், எறால் வேண்டாம், கோழி சூப் பொடி வேண்டாம்னு ஒண்ணொண்ணா சொல்லணும்.

வெளிய போறப்ப சமாளிக்க: காலைல தெருவுல "தாஹோஓஓ"ன்னு கூவிட்டு வருவாரு, பஞ்சு மாதிரி டோஃபு, மேல வெல்லப்பாகு, ஜவ்வரிசி. வாழப்பழத்த சுருட்டிப் பொரிச்ச துரோன். ஐஸ், பால், பயறு, ஜெல்லி, ஊபே கெழங்கு எல்லாம் போட்ட ஹாலோ-ஹாலோ. தயிர் சாதம் கட்டி எடுத்துட்டு வந்தாலும் யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க, கட்டுச்சோத்துக்கு "பாவோன்"னு பேரே இருக்கு. மணிலால பாக்கோ பக்கம் இந்துக் கோயிலும் குருத்வாராவும் உண்டு, அந்தப் பக்கம் இந்திய மளிகை கெடைக்கும்.

ஜாலிபீ ஜாலிபீன்னு ஏன் உசுர விடுறாங்க?

1975ல இதே கேசோன் சிட்டில குபாவோங்கிற எடத்துல ஐஸ்கிரீம் கடையா ஆரம்பிச்ச ஃபாஸ்ட் ஃபுட் ஓட்டல், இன்னைக்கு வெளிநாடெல்லாம் போயிருச்சு. பொரிச்ச கோழியும் சோறும் கிரேவியும் நல்லா இருக்கும், ஒத்துக்கறேன். ஸ்பகெட்டி தான். தித்திக்கும். சாதாரண ருசின்னு நெனச்சு வாய் வச்சா தூக்கிவாரிப் போடும். வீட்டுல பண்றதும் இனிப்பு தான், வாழப்பழ கெச்சப் ஊத்தி. அந்தக் கெச்சப்ப உண்டாக்குனது மரியா ஓரோசான்னு ஒரு உணவு விஞ்ஞானி, தக்காளி கெடைக்காத காலத்துல இருக்கிறத வச்சு பண்ணுனது. என் பையனுக்கு இப்ப அது தான் ஸ்பகெட்டி, இத்தாலி ஸ்பகெட்டி குடுத்தா கெட்டுப் போச்சுங்கிறான்.

பிறந்தநாளுக்கு கேக்கு இல்லாட்டியும் பான்சித் நூடுல்ஸ் கட்டாயம், நீளமா இருந்தா ஆயுசு நீளம். வெட்டிச் சாப்பிடாதீங்க, லோலா பாத்துக்கிட்டே இருப்பாங்க.

பத்து பேருக்கு பில்லு யாரு கட்டுவாங்க?

யாரு கூப்புட்டாங்களோ, யாருக்குப் பிறந்தநாளோ, யாரு வெளிநாட்டுல இருந்து வந்தாங்களோ அவங்க. பிறந்தநாள் பிள்ளைக்கு நம்ம தான் செலவு பண்ணணும்னு நெனச்சுப் போனா, பிறந்தநாள்காரரே எல்லாருக்கும் வாங்கிக் குடுப்பாரு. கூயா கப்பல்ல இருந்து வந்த முதல் வாரம் அவரு பர்ஸு மூடுறதே இல்ல, எனக்கே பாவமா இருக்கும். ஃபிரண்ட்ஸுன்னா கேகேபி, அவங்கவங்க காசு அவங்கவங்களுக்கு.

இதுல லோலாவோட சீனியர் கார்டு ஒரு தனிக் கதை. 60 வயசு ஆயிட்டா ஓட்டல், மருந்து, பஸ்ஸு எல்லாத்துலயும் 20 சதவீதம் தள்ளுபடி, ஓட்டல்லயும் மருந்துலயும் 12 சதவீத வாட் வரியும் கெடையாது, சட்டமே இருக்கு. ஆனா தள்ளுபடி அவங்க சாப்ட்ட பங்குக்கு மட்டும். பத்து பேரு பில்ல பத்தால வகுத்து அவங்க பங்க கண்டுபிடிக்கிறது ஒரு முறை, அவங்க சாப்ட்ட ஐட்டத்த மட்டும் எடுக்குறது இன்னொரு முறை, அதுனால லோலா பேருல எப்பவும் மெனுல வெல கூடுனது ஆர்டர் ஆகும். லோலா சாப்புடுறது ரெண்டு வாய் சூப்பு.

அங்க நம்மாளுங்கள "பும்பாய்"னு கேலி பண்ணுவாங்களாமே?

பண்ணுவாங்க. பம்பாய்ல இருந்து வந்த பேரு. வட்டிக்கு விடுறவங்கன்னு பேரு, ஃபைவ்-சிக்ஸ்னு சொல்லுவாங்க, அஞ்சு வாங்குனா ஆறு குடுக்கணும், மோட்டார் சைக்கிள்ல வந்து வசூல் பண்ணுவாங்க, பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆளுங்க. "சேட்டை பண்ணுனா பும்பாய் தூக்கிட்டுப் போயிரும்"னு பிள்ளைங்கள பயமுறுத்துறது உண்டு. கல்யாணம் ஆன புதுசுல கூயாவோட சின்னவன் என்னைப் பாத்தாலே கட்டிலுக்கு அடில போய்ருவான்.

எனக்கு வலிச்சுதா? வலிச்சுது. பெரும்பாலும் கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, ஆனா அதுக்காக கேட்டுட்டு சும்மா இருக்கணும்னு இல்ல. சந்தைல ஒருத்தி சொன்னப்ப நானாய் திரும்பி நின்னு "இவ என் மருமக"ன்னு சொன்னாங்க, அவ்ளோ தான் சொன்னாங்க, அன்னைக்கு அந்தக் கடைல காய் வாங்கல.

சின்னப் பிள்ளைய தூக்கிட்டு வெளிய போறப்ப கண்ணு திருஷ்டி பாப்பாங்களா?

நம்மள விட. புது ஆளு பிள்ளைய பாத்து "அழகா இருக்கே"ன்னா காய்ச்சல் வரும்னு ஒரு பயம், ஊசோக்னு பேரு. சொன்ன ஆளே "புவேரா ஊசோக்"னு சேத்துச் சொல்லிரணும். சொன்ன ஆளோட எச்சிய தொட்டு பிள்ளை வயித்துல தடவுற பழக்கமும் இருக்கு, அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல, பதிலுக்கு அம்மா குடுத்து விட்ட கறுப்புக் கயிறையும் கன்னத்துப் பொட்டையும் காட்டுனேன். லோலா அத திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சரின்னுட்டாங்க.

இன்னொண்ணு, சட்டைக்குள்ள முதுகுல ஒரு சின்னத் துண்டு. வேர்வை முதுகுலயே காஞ்சா சளி பிடிக்குமாம். எந்த மால்ல பாத்தாலும் ஓடுற பிள்ளைங்க கழுத்துக்குப் பின்னாடி துண்டு நுனி தொங்கும். இத நான் மனசார ஏத்துக்கிட்டேன், ஊருக்குப் போனாலும் போட்டு விடுறேன், அங்க எல்லாரும் சிரிக்கிறாங்க.

மழை, புயல் வந்தா?

வெளிய போறது கேன்சல், வீட்டுல பாசிப்பயறு கஞ்சி இல்லன்னா சாக்லேட் கஞ்சியும் கருவாடும், படிச்சது சரிதான், சாக்லேட்டும் கருவாடும். புயல் எச்சரிக்கை சிக்னல் 1ல இருந்து 5 வரைக்கும், ஸ்கூல் லீவான்னு காலைல நாலு மணிக்கே பிள்ளைங்க போன பாக்கும். எங்க வீட்டுல இதுல வெளையாட்டு கெடையாது. 2009 செப்டம்பர் 26 ஒண்டோய் புயல்ல கேசோன் சிட்டில ஒரே நாள்ல 455 மில்லிமீட்டர் பெஞ்சு, மரிகினா ஆறு ஊருக்குள்ள வந்துச்சு. ஆத்தே அப்ப அந்தப் பக்கம் வாடகை வீட்டுல, ராத்திரி பூரா கூரை மேல. இப்பவும் நல்ல மழைன்னா தூங்க மாட்டா, அப்ப யாரும் அவள மாலுக்குக் கூப்புட மாட்டோம், கூட உக்காந்து சீட்டு வெளையாடுவோம்.

வரலன்னு சொன்னா கோவிச்சுக்குவாங்களா?

கோவம் வந்தா சத்தம் போட்டா பரவால்ல. இது தம்போ. நம்ம ஊர்ல சொல்ற மொகத்த தூக்கி வச்சுக்கிறது, ஊடல்னு எலக்கியமா சொன்னாலும் சரி தான். பேச மாட்டாங்க, ஆனா தட்டுல சோறு வச்சுட்டுப் போவாங்க. என்னன்னு கேட்டா "ஒண்ணுமில்ல". நம்ம போய் சமாதானம் பண்ணணும், அது வரைக்கும் ஒண்ணுமில்ல தான்.

நான் கத்துக்கிட்டது, "வரல"ன்னு நேரா சொல்லாதீங்க. "பாக்குறேன்"னு சொல்லுங்க, அதுவே வரலன்னு தான் அர்த்தம், எல்லாருக்கும் புரியும், யாருக்கும் வலிக்காது. அப்புறம் அவங்க திரும்பி வர்றப்ப உங்களுக்கு ஒரு பாக்கெட் வரும். எங்க போனாலும் வராதவங்களுக்கு எதாச்சும் வாங்கிட்டு வர்றது பசலுபோங். தகாய்தாய்ன்னா எளநீர்த் தேங்கா போட்ட புக்கோ பை, அந்திபோலோ சர்ச்சுன்னா முந்திரியும் சுமான் கொழுக்கட்டையும், ஒண்ணுமில்லன்னா மால் வாசல்ல டோனட். நம்ம ஊர்ல மணப்பாறை தாண்டுனா முறுக்கு வாங்காம வந்தா வீட்டுல சேப்பாங்களா, அது தான்.

சாவு வீட்டுக்குப் போயிட்டு நேரா வீட்டுக்கு வரக்கூடாதாமே, நெசமா?

நெசம். பக்பாக்னு பேரு. வழில எங்கயாச்சும் எறங்கி நின்னுட்டு வரணும், இல்லன்னா செத்தவங்க ஆவி கூடவே வந்துரும். அதுனால லாமாய்க்கு, அதாவது துக்க வீட்டுக்குப் போயிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு ஜாலிபீல பத்து பேரும் கறுப்புச் சட்டையோட உக்காந்து ஐஸ்கிரீம் சாப்புடுவோம். துக்க வீட்டுல பொணத்த பல நாள் வச்சுருப்பாங்க, ராத்திரி கண்ணு முழிக்க சீட்டாட்டம் ஓடும், காப்பி, பிஸ்கட், கடலை வரும். முதல் தடவ நான் அரண்டுட்டேன், நம்ம ஊர்ல சாவு வீட்டுல அடுப்பே பத்த வைக்க மாட்டோமே.

எனக்குச் சிக்கலே வீட்டுக்கு வந்தப்புறம் தான். தலைக்குத் தண்ணி ஊத்தாம உள்ள நுழைய எனக்கு மனசு வராது, நானாய்க்கு அலுத்த ஒடம்புல ராத்திரி குளிச்சா பாஸ்மா வரும், நரம்பு இழுக்கும்னு பயம். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தடுத்துக்கிட்டு வாசல்ல நின்னோம். கடைசில வெந்நீர் வச்சுக் குடுத்தாங்க. இப்ப அதான் நடைமுறை, ஜாலிபீயும் ஆச்சு, வெந்நீரும் ஆச்சு.

நீயும் அவரும் மட்டும் தனியா வெளிய போனதே இல்லையா?

ரெண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில திரும்ப படிங்க. ஒரு கல்யாண நாளுக்கு அந்திபோலோ போயிட்டு ஓட்டல்ல சாப்ட்டு வரலாம்னு, ரெண்டு பேரு மட்டும்னு தெளிவா சொல்லிட்டுத் தான் கெளம்புனோம். வேன் கதவ தொறந்தா லோலா உள்ள, ஹேண்ட்பேக் மடில, பவுடர் போட்டு. "நான் சர்ச்சுல எறங்கிக்கிறேன், நீங்க போங்க"ன்னாங்க. சர்ச்சுல எறங்குனாங்க, ஏறுனாங்க, ஓட்டலுக்கும் வந்தாங்க, சீனியர் கார்ட எடுத்து மேசை மேல வச்சாங்க. மூணு பேரு பில்லுங்கிறதால அன்னைக்குத் தள்ளுபடி நல்லாவே வந்துச்சு.

போன வருஷம் உஷாரா பல் டாக்டர் கிட்ட போறோம்னு சொன்னோம். ஆத்தே செருப்ப மாட்டிக்கிட்டே வந்து, அவளுக்கும் ஒரு வாரமா கடவாப்பல்லு வலிக்குதுன்னா.